இருபது வருசம் படுத்துக் கிடந்த டிராக்டர் எழுந்து நின்னுச்சு!
கடன்கார டிராக்டர் வேண்டாம் – பழுது பார்க்கும் உரிமை வேண்டும்!



இந்த ஆடிப்பெருக்கு அன்று காலையில் மீன்சுருட்டி பக்கத்துக் களத்து மேட்டில் ஒரு சத்தம் கேட்டது. கேட்டவர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். 2004 அறுவடையோடு கொட்டகைக்குள் போன மேசி பெர்குசன் 1035 வண்டி, கோழி முட்டையிட்டு, எலி குட்டி போட்டு, சீட்டுக்கு மேல வைக்கோல் அடுக்கிக் கிடந்த வண்டி, வெள்ளைப் புகை, கரும்புகை, நீலப்புகை எல்லாம் கக்கி முடித்து, கடைசியில் சீராக 'டக டக டக' என்று ஓடிக்கொண்டிருந்தது. கிழவர்கள் கண் கலங்கினார்கள். பிள்ளைகள் மட்கார்டு மேல ஏறிக்கொண்டார்கள்.

'பழைய டிராக்டர் ஓடினதுக்கு ஒரு நோட்டீசா?' என்று கேட்பீர்கள். ஆமாம், நோட்டீசுதான். அந்த வண்டியை எழுப்பும்போது நாங்கள் தெரிந்துகொண்ட கணக்கு அப்படி. அதை ஊருக்குச் சொல்லாமல் விட்டால் சங்கம் எதற்கு?

வண்டியின் கதை

1983-ல் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய வண்டி. அப்போது நாம் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001-ல் அரியலூர் என்றார்கள். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, மாவட்டம்தான் நாலு தடவை மாறியது! வாங்கியவர் சங்கத்தின் பழைய உறுப்பினர். கரும்பு, கடலை, நெல்லு என்று ஓட்டி, 1991-லேயே கடைசித் தவணை கட்டி, புத்தகத்தைக் கையில் வாங்கினார். பம்பு மக்கர் பண்ணியது, கையில் காசு இல்லை, 'அடுத்த போகத்துக்குப் பார்த்துக்கலாம்' என்று நிறுத்தினார். அந்த அடுத்த போகம் வரவே இல்லை. அவரும் காலமாகிவிட்டார். மகன் திருப்பூரில் வேலை செய்கிறார்.

போன வருசம் இரும்புக் கடைக்காரர் வந்து நாற்பதாயிரம் என்று விலை பேசினார். ஒரு ஷோரூம்காரரிடம் (எந்தக் கம்பெனி என்று பெயர் வேண்டாம்) எக்ஸ்சேஞ்சு கேட்டதற்கு, 'இதெல்லாம் காயலான் சரக்கு சார், புதுசு எடுங்க, லோன் நாங்களே பண்ணித் தர்றோம்' என்றார். வண்டியைப் பார்க்கவே இல்லை, போட்டோவைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குத்தான் மகனிடம் போனில் கேட்டோம்: 'தம்பி, இதை சங்கத்துக்கு விடு. நாங்க எழுப்பிக்கிறோம். உன் ரெண்டு ஏக்கரை வருசா வருசம் உழுது கொடுத்திடுறோம்.' அவர் சொன்னது: 'எடுத்துக்குங்க பெரியப்பா. அப்பா ஆத்மா சந்தோசப்படும்.'

எப்படி எழுப்பினோம்

நம்ம ஊரில் இப்படி நிற்கிற வண்டி ஒன்று ரெண்டு இல்லை. கொட்டகைக்குக் கொட்டகை நிற்கிறது. ஆகையால் விவரமாகவே சொல்கிறோம்.

ஜெயங்கொண்டத்தில் எழுபது வயசு மெக்கானிக் அண்ணன் ஒருத்தர். கூட்டி வந்தோம். எங்களில் ஒருத்தர், 'அண்ணே, எங்க வீட்டு வண்டியில கட்டி இழுத்தா ஒரு இழுப்புல ஸ்டார்ட் ஆயிடும்' என்றார். மனுசன் எரிந்து விழுந்தார். 'இருபது வருசமா படுத்துக் கிடக்கிற ஆளை முடியப் பிடிச்சு இழுத்தா எழுந்திருப்பானா? ரிங்கு லைனர்ல ஒட்டிக் கிடக்கும். வால்வு இறுகிக் கிடக்கும். இழுத்தீங்கன்னா ரிங்கு நொறுங்கும், புஷ்ராடு வளையும். பத்தாயிரத்துல முடியற வேலையை அம்பதாயிரம் ஆக்காதீங்க' என்றார். இதை எல்லாரும் மனதில் வையுங்கள். நின்ற வண்டியை இழுத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள்!

முதல் நாள் சாவியைத் தொடவே இல்லை. ஏர் கிளீனரைத் திறந்தால் எலிக்கூடு. ஆயில் சம்ப் நட்டைக் கழற்றினால் முதலில் தண்ணி, அப்புறம்தான் ஆயில். டீசல் டேங்கில் இருந்தது டீசலே இல்லை, பிசின். மூணு நாசிலையும் கழற்றி, மூணு ஓட்டையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, துணி வைத்து அடைத்தோம். தினமும் கொஞ்சம் ஊற்றி எட்டு நாள் ஊறவிட்டோம். ஒன்பதாம் நாள் முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டாப் கியரில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ரெண்டு பேர் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தோம். ஒரு விரற்கடை அசைந்தது. அந்த ஒரு விரற்கடைக்கு நாங்கள் போட்ட சத்தம் கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் லைனர் தேய்ந்து கிடந்தது. கும்பகோணத்துக்கு லேத் வேலைக்குப் போனது. மேசிக்கு உதிரி சாமான் கும்பகோணத்திலும் திருச்சியிலும் கேட்ட உடனே கிடைத்தது. 'காயலான்' என்று சொன்ன வண்டிக்கு சாமான் அலமாரி நிறைய இருக்கிறது! கிளட்ச் பிளேட் துருவில் ஃபிளைவீலோடு ஒட்டிப் போயிருந்ததால் வண்டியை நடுவில் ரெண்டாகப் பிரித்தோம். ஹைட்ராலிக் ஆயில் தண்ணி கலந்து மோர் மாதிரி இருந்தது, அதையும் மாற்றினோம். பம்பு கடையில் நாசிலை டெஸ்ட் பண்ணியபோது அண்ணன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: 'பன்னீர் தெளிக்கிற மாதிரி புகையா அடிக்கணும். சொட்டுச் சொட்டா விழுந்தா பிஸ்டன் கருகிடும்.'

ஸ்டார்ட் பண்ணுகிற அன்றைக்கு முதலில் பில்டரில், அப்புறம் பம்பில், கடைசியாக நாசில் பைப் நட்டில் என்று வரிசையாக ஏர் எடுத்தோம். டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆயில் கேஜ் முள்ளு தூக்குகிற வரைக்கும் செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றினோம். பம்பு ஒட்டிக்கொண்டால் வண்டி தறிகெட்டு ஓடும், சாவிக்கும் அடங்காது. அதற்காக ஏர் வாய் பக்கத்தில் ஒருத்தர் தடிமனான பலகையோடு நின்றார். கையை மட்டும் வைக்கக் கூடாது. நல்ல வேளை, பலகைக்கு வேலை வரவில்லை.

இப்போது கணக்குக்கு வாருங்கள்

பிஸ்டன், ரிங்கு, லைனர், பேரிங், கேஸ்கட், லேத் கூலி, மெக்கானிக் கூலி – ரூ. 38,000. பம்பும் நாசிலும் – ரூ. 9,500. கிளட்ச் – ரூ. 7,500. பேட்டரி, செல்ஃப் மோட்டார் – ரூ. 8,000. பின் டயர் ரெண்டும் – ரூ. 36,000. ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட், பில்டர், ஆயில் – ரூ. 7,000. ஹைட்ராலிக் வேலை – ரூ. 5,000. ஆக மொத்தம் ரூ. 1,11,000. பதினோரு உறுப்பினர்கள் தலைக்குப் பத்தாயிரம் போட்டார்கள். மீதி ஆயிரம் சங்கத்தின் டீச் செலவுப் பணம். வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கிடையாது!

புது வண்டிக் கணக்கைப் பாருங்கள். இதே தரத்தில் புது டிராக்டர் சுமார் ஆறு லட்சம். 6 லட்சம் கடன், 14 சதவீத வட்டி, அஞ்சு வருசம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,960 ரூபாய். அறுபது மாதத்தில் நாம் கட்டுவது சுமார் 8,37,000. இதில் வட்டி மட்டும் 2,37,000. அய்யா, அந்த வட்டிக் காசிலேயே எங்கள் வண்டி மாதிரி ரெண்டு வண்டியை எழுப்பலாமே! மழை தவறினாலும் தவணை தவறக் கூடாது. கடலைக்கு விலை இல்லை என்றாலும் தவணைக்கு விலை குறையாது.

தவணை தவறினால் என்ன ஆகும்? 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசு அடித்து இழுத்துப் போனதை நாடே டி.வி.யில் பார்த்தது. அதே மாதம் நம்ம அரியலூர் மாவட்டத்திலேயே, கடனுக்கு வாங்கிய டிராக்டரைப் பறிகொடுத்த ஒரு விவசாயி தற்கொலை செய்துகொண்டார். அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொன்னவர் யார்? இரும்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், உயிரை யார் திருப்பித் தருவது? 2022-23-ல் இந்தியாவில் 9 லட்சத்துக்கு மேல் டிராக்டர் விற்றதாகப் பெருமை பேசுகிறார்கள். அதில் எத்தனை வண்டி கடனில் போனது, எத்தனை வண்டி திரும்பப் பிடுங்கப்பட்டது என்று யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

பழசு கேவலமா?

பழைய இரும்பை எழுப்புவது பஞ்சப் பாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சரித்திரம். சுதந்திரம் வந்த 1947-ல் மத்திய டிராக்டர் நிறுவனம் என்று சர்க்கார் ஆரம்பித்தது. எதை வைத்து? உலக யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன பழைய டிராக்டர்களைப் பழுது பார்த்து! மத்தியப் பிரதேசப் பக்கம் களை மண்டிக் கிடந்த பூமியை அந்த வண்டிகள்தான் முதலில் திருப்பிப் போட்டன. உலக வங்கிக் கடனில் புது வண்டி வாங்கியது 1949-க்குப் பிறகுதான். நாடே பழுது பார்த்த டிராக்டரில்தான் தொடங்கியது. இன்றைக்கு நாம் தொடங்கினால் காயலானா?

இந்தியாவிலேயே டிராக்டர் செய்ய ஆரம்பித்தது 1959-ல், ஃபரிதாபாத்தில் ஐஷர் வண்டி. 1960-ல் நம்ம மெட்ராசில் டாஃபே வந்தது. 1965-ல் மகிந்திராவின் பி-275 வந்தது. 1971-ல் பொதுத்துறை எச்.எம்.டி. நிறுவனம் செக் நாட்டு ஜெட்டார் வண்டியை இங்கே செய்தது. அந்த எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. எச்.எம்.டி. வண்டி வாங்கிய விவசாயி இனி சாமானுக்கு எங்கே போவான்? தொழிற்சாலையை மூடுகிறவர்கள், ஓடுகிற வண்டிக்கு வழி சொல்லிவிட்டு மூட வேண்டாமா?

அமெரிக்காக்காரன் கதையையும் கேளுங்கள். கம்ப்யூட்டர் வைத்த புது டிராக்டர் நடு வயலில் நின்றால், கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் ஓடும். அதில் நொந்துபோய் அங்கே உள்ள விவசாயிகள் 1970-களின் பழைய டிராக்டரை ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள் என்று 2020-லேயே செய்தி வந்தது. போராடி, 2023-ல் கொலராடோ மாநிலத்தில் விவசாய இயந்திரங்களைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே 2022 ஜூலையில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே வருசம் டிசம்பரில் இணையதளம் திறந்தார்கள். இணையதளத்தை வைத்து நட்டைக் கழற்ற முடியுமா? சட்டம் வேண்டும்!

புரளியும் உண்மையும்

'பத்து வருசமான டிராக்டரை உடைக்கச் சொல்லிட்டாங்க' என்று ஊரில் புரளி கிளப்பி, அடிமாட்டு விலைக்கு வண்டியைப் பிடுங்கும் புரோக்கர்கள் திரிகிறார்கள். நம்பாதீர்கள்! 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருச டீசல் வண்டிக்குப் போட்ட தடை டெல்லிப் பகுதிக்கு. மோட்டார் வாகன விதிப்படி விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனமே கிடையாது. முதலில் 15 வருசத்துக்குப் பதிவு, அப்புறம் அஞ்சு அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே 2023-ல் விளக்கம் கொடுத்துவிட்டது.

ஆனால் இதில்தான் ஒரு முள்ளு இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பதிவைப் புதுப்பிக்கத் தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம். அஞ்சு வருசம் கொட்டகையில் நின்ற வண்டிக்கு முப்பதாயிரம்! ரோட்டையே பார்க்காத வண்டிக்கு, ஒரு சொட்டு டீசல் குடிக்காத வண்டிக்கு இந்தத் தண்டம் எந்த நியாயம்?

மானியக் கதையும் இதே. 2014-15 முதல் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புது இயந்திரத்துக்கு 40, 50 சதவீதம் என்று மானியம் தருகிறார்கள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய வண்டியைப் பழுது பார்க்கிறவனுக்கும் ஒரு பங்கு கொடு என்கிறோம். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கும், டயர் மற்றும் சில உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அது பல வருசக் கோரிக்கைக்குக் கிடைத்த பலன். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

குறை எல்லாம் சர்க்கார் மேலேயே போட்டுவிட்டால் அது நியாயம் ஆகாது. அந்த வண்டி இருபது வருசம் நின்றபோது நாமெல்லாம் எங்கே போனோம்? தினமும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தானே வயலுக்குப் போனோம்? 'அவன் வீட்டுல புது வண்டி நிக்குது, நம்ம வீட்டுல நிக்கலையே' என்கிற கவுரவம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் டிராக்டர் நிற்க வேண்டும் என்கிற பேச்சு, இவைதான் நம்மில் பாதிப் பேரைக் கடனில் தள்ளியது. ரெண்டு ஏக்கர்காரனுக்கு எதற்கு அய்யா தனியாக ஆறு லட்ச ரூபாய் இரும்பு? பொன்னேரியைத் தூர்வாரு என்று வருசா வருசம் மனு கொடுக்கிறோம். ராஜேந்திர சோழன் காலத்து ஏரி பழசாகிவிட்டது, வேற ஏரி வெட்டு என்றா கேட்கிறோம்? ஏரிக்கு ஒரு நியாயம், டிராக்டருக்கு ஒரு நியாயமா?

பழைய வண்டியில் குறை இல்லை என்றும் சொல்ல மாட்டோம். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது. பிரேக்கை அடிக்கடி பார்க்க வேண்டும். பெரிய ரோட்டவேட்டரை இழுக்கச் சொன்னால் திணறும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் போகிற வேலையே ஆகாது. ஆனால் ஒன்பது கொத்துக் கலப்பையில் புழுதி ஓட்டும், கேஜ் வீல் போட்டால் சேற்றில் இறங்கும். மழை விழுந்து மூணு நாளைக்குள் உழவு முடிய வேண்டிய நேரத்தில், வெளியூர் வண்டிக்காரன் மணிக்கு 1,200 கேட்டு, அதையும் 'நாளைக்கு வர்றேன், நாளன்னிக்கு வர்றேன்' என்று இழுத்தடித்த காலம் எங்களுக்கு முடிந்தது. இன்றைக்கு சங்க வண்டி டீசலோடு சேர்த்து மணிக்கு 700 ரூபாய்க்கு ஓடுகிறது. இதில் டிரைவர் கூலியும், அடுத்த ரிப்பேருக்கு உண்டியலில் போடுவதும் அடக்கம். முதலில் உழவு யாருக்கு? ஒரு ஏக்கருக்குக் கீழே உள்ளவருக்கும், ஆண் துணை இல்லாமல் விவசாயம் பார்க்கும் பெண்களுக்கும். இது சங்கத் தீர்மானம்.

மத்திய, மாநில அரசுகளிடம் கேட்கிறோம்:

1. கொட்டகையில் நின்ற விவசாய டிராக்டர்களுக்குப் பதிவுத் தாமதக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்! பதிவு புதுப்பிக்கவும், இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசுக்கு மாற்றவும் மீன்சுருட்டியிலேயே முகாம் நடத்து!

2. பழைய டிராக்டர் பழுது பார்க்கத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் குறைந்த வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கடன் கொடு! இயந்திர மானியத்தில் பழுது பார்ப்பையும் சேர்!

3. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் ஜெயங்கொண்டத்தில் பம்பு, நாசில், எஞ்சின் வேலை செய்யும் பட்டறை அமை! ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு அங்கேயே பயிற்சியும் வேலையும் கொடு!

4. விற்பனையை நிறுத்திய மாடலுக்கும் 25 வருசத்துக்குக் குறையாமல் உதிரிபாகம் கிடைக்கச் சட்டம் போடு! விவசாய இயந்திரங்களுக்குப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கு!

5. தவணை தவறிய டிராக்டரை அடியாள் வைத்துப் பிடுங்குவதைத் தடுத்து நிறுத்து! மழை பொய்த்த வருசம் தவணையைத் தள்ளிவை!

உறவுகளே! இந்த மாதம் அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று காலை 8 மணிக்கு மீன்சுருட்டி கடைவீதியில் கூடுவோம். பேருந்தில் அரியலூர் போய் மனு கொடுப்போம். பேப்பர் சரியாக உள்ள பழைய வண்டியைக் கடைவீதிக்கு ஓட்டி வந்து ஓரமாக நிறுத்துங்கள், ஊர் பார்க்கட்டும். பேப்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்றாதீர்கள், வீண் வழக்குக்கு இடம் கொடுக்காதீர்கள். அதைப் போட்டோ எடுத்து, எந்த வருசத்து வண்டி, எத்தனை வருசமா நிக்குது என்று பின்னாடி எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தப் போட்டோக்களைத்தான் மனுவோடு வைக்கப் போகிறோம். நம் ஒன்றியத்தில் எத்தனை இரும்பு உறங்குகிறது என்று அதிகாரிகள் கண்ணால் பார்க்கட்டும்.

இரும்புக் கடைக்காரர் வாசலுக்கு வந்தால், வண்டியைக் கொடுப்பதற்கு முந்தி சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மெக்கானிக் அண்ணனுக்கு வயசு எழுபது. அவர் கை ஓடும்போதே நம்ம பிள்ளைகள் நாலு பேர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாக வேண்டும். ஏற்கனவே ரெண்டு பேர் பாவாடைக் கறை மாதிரி கிரீஸ் கறையோடு அவர் பின்னால் சுற்றுகிறார்கள். இன்னும் ரெண்டு பேர் வாருங்கள்!

உழுகிற வண்டி உழுகிறவனுக்கே!
வட்டிக்கு உழைக்க மாட்டோம், வயலுக்கு உழைப்போம்!
பழுது பார்க்கும் உரிமை எங்கள் பிறப்புரிமை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
விவசாயிகள் சங்கம், மீன்சுருட்டி.